நீங்கள் மறைத்த பீங்கான்: ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குத் திறந்த மடல்

கொழும்பிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் மொழிமாற்றிய மர்மத் தொடரொன்றை ஒளிபரப்பும் தமிழ் அலைவரிசையின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

தொடரில் மீதமிருக்கும் ஆறு பாகங்களை மூன்றாகச் சுருக்கி, நேரத்தையும் எட்டரையிலிருந்து இரவு பதினொரு மணிக்குத் தள்ளப்போவதாகப் போன கிழமை அறிவித்தீர்கள். நேயர்களிடம் வரவேற்புக் குறைந்துவிட்டதாம். குறைந்திருக்கலாம், அதை மறுக்க நான் வரவில்லை. குறைத்தது நீங்கள்தான் என்று சொல்லவே எழுதுகிறேன். ஒன்பதாம் பாகத்துக்கு நீங்கள் செய்ததைக் கண்ட பிறகு, இந்த அறிவித்தலையும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை.

தொடரின் பெயரையோ நிலையத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. உங்களைச் சந்தியில் இழுத்து நிறுத்துவது என் நோக்கமல்ல. பார்த்தவர்களுக்கு எதுவென்று விளங்கும், உங்களுக்கும் விளங்கும்.

நான் மட்டக்களப்பு – கல்முனை வீதியில், செட்டிபாளையத்தில் இருப்பவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன் என்பதால் ரிமோட் மாமியின் கையில். மாமி அழுகைத் தொடர்களை இரண்டு நாளில் கைவிடுகிற ஆள். "இவளுக்குத் திருப்பி ரெண்டு சொல்லத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவரே இந்தத் தொடருக்கு முதல் பாகத்திலிருந்து அசையாமல் இருந்தார். வாவிக்கரை ஊரொன்றில் ரியூசனுக்குப் போன பதினேழு வயதுப் பிள்ளை திரும்பி வரவில்லை. சைக்கிள் கிடைக்கிறது, பிள்ளை கிடைக்கவில்லை. வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்த பெண் பொலிஸ் அதிகாரி விசாரிக்கிறார். ஊரில் எல்லோருக்கும் ஏதோவொன்று தெரியும், ஒருவரும் வாய் திறக்கிறார்களில்லை. தோணியும் கண்டல் பற்றையும் இருட்டில் தண்ணீர் அலம்பும் சத்தமுமாக வரும் அந்த ஊரைப் பார்க்க எங்களுக்கு மொழிமாற்றமே தேவைப்பட்டிருக்காது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஞாயிறு காலையானால் இதே பேச்சுத்தான். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவரும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), "சத்தியமா அந்த வாத்தி இல்ல தம்பி. வாத்தியக் காட்டுறது நம்மள ஏமாத்த" என்று ஒவ்வொரு கிழமையும் அடித்துச் சொல்வார். மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று எங்களைப் பற்றி நாடெல்லாம் ஒரு பேச்சு உண்டு. இந்தத் தொடர் எங்களையே பாயோடு ஒட்டவைத்தது. பிறகு நீங்கள் வந்து பாயை இழுத்தீர்கள்.

இனி ஒன்பதாம் பாகத்துக்கு வருகிறேன். பத்தாம் பாகம் வரை பார்க்காதவர்கள் அடுத்த சில பந்திகளைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

கட்டாரில் வேலைசெய்யும் என் மச்சான் லீவில் வந்தபோது, அங்கே காசு கட்டிப் பார்க்கும் சேவையில் இருந்த முழுப் பாகத்தையும் தன் மடிக்கணினியில் காட்டினான். ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. முழுவதும் ஒரே வீடு, ஒரே இரவு. அடைமழை. வாக்குமூலத்தில் ஒப்பம் வாங்க வந்த அதிகாரி மழைக்கு மாட்டிக்கொண்டு அந்த வீட்டு அடுப்படி வாசலில் ஒரு ஸ்டூலில் இருக்கிறார். வீட்டில் தாய், தகப்பன், தகப்பனின் தாய். தாய் இராச்சாப்பாடு போடுகிறாள். மூன்று பேருக்கும் போட்ட பிறகு இன்னொரு பீங்கானில் சோறு போட்டு, மீன் துண்டை ஓரமாக வைத்து, மேலே மூடி, மகள் வழக்கமாக இருக்கும் இடத்தில் வைக்கிறாள். பிறகு அவளும் இருந்து சாப்பிடுகிறாள். ஏறத்தாழ எட்டு நிமிடம். ஒரு சொல் இல்லை, இசை இல்லை. கூரையில் மழை, வெளியே எங்கோ நாய், கிழவியின் வளையல், அவ்வளவுதான்.

சாப்பாடு முடிகிறது. மூன்று எச்சில் பீங்கானும் மேசையில் இருக்க, மகளுடையதும் மூடியபடி இருக்க, தாய் கைகழுவப் பின்பக்கம் போகிறாள். கமரா அவளோடு போகவில்லை, அடுப்படியிலேயே நிற்கிறது. திரையின் இடது கீழ் மூலையில் பாத்திரம் கவிழ்க்கும் தட்டு. அதில் ஒரேயொரு பீங்கான். அதிலிருந்து தண்ணீர் வடிகிறது. ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அந்தச் சத்தம் மழைச் சத்தத்துக்கு உள்ளே தனியாகக் கேட்கிறது. அதிகாரி அதைப் பார்க்கிறார். பிறகு தலையைத் தூக்கி மச்சைப் பார்க்கிறார். குடையை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மழைக்குள் இறங்குகிறார். பாகம் முடிந்தது.

வீட்டில் இருப்பது மூன்று பேர், மூவரும் இப்போதுதான் சாப்பிட்டார்கள். அப்படியானால் கொஞ்சம் முந்தி யாரோ சாப்பிட்டுக் கழுவி வைத்த அந்தப் பீங்கான் யாருடையது? ஒன்பது கிழமையாகக் காட்டில் தேடினார்கள், வாவியில் தேடினார்கள், வாத்தியார் வீட்டுக் கிணற்றை இறைத்துத் தேடினார்கள். பிள்ளை தாயின் தலைக்கு மேலே, மச்சில் இருக்கிறாள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பீங்கானை வடியவிட்டே இதைச் சொல்லிவிட்டார்கள். நான் மர்மக் கதைக்குப் பைத்தியம் பிடித்த ஆள், கண்டதெல்லாம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நேர்மையாக ஒரு துப்பை நேயர் கண்முன்னே வைத்த பாகம் எனக்கு நினைவில்லை.

உங்கள் திரையில் அதே பாகத்தை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று இப்போது சொல்கிறேன்.

எட்டு நிமிடச் சாப்பாட்டுக் காட்சி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட வந்தது. விளம்பரம் போகப் பாகம் மொத்தமாக அரைமணித்தியாலம் இருந்திருக்கும். சாப்பிடத் தொடங்கினார்கள், சாப்பிட்டு முடிந்தது. அந்தக் கடைசி ஷொட் வந்த நேரம் திரையின் இடப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து ஒரு புடவைக்கடை விளம்பரம் மறித்து நின்றது, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். அதற்குக் கீழே ஓடும் எழுத்தில் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. பீங்கான் இருந்த மூலை முழுதாகப் புடவைக்கடைக்காரருக்குப் போய்விட்டது. சரி, கண்ணுக்குத்தான் தெரியவில்லை, காதுக்காவது அந்தச் சொட்டுக் கேட்டதா என்றால், மூலத்தில் இல்லாத வயலின் ஒன்றை அதன்மேல் இழுத்துவிட்டிருந்தீர்கள்.

இவற்றையெல்லாம்கூட வியாபாரம் என்று விட்டுவிடலாம். விடமுடியாதது இன்னொன்று. தாய் சோற்றை மூடிவைக்கும் இடத்தில் உங்கள் டப்பிங்காரர் அவளுக்கு ஒரு மனக்குரல் கொடுத்திருந்தார்கள்: "என் மகளே, நீ எங்கேயம்மா இருக்கிறாய்?" மூலத்தில் அவள் வாய் திறக்கவுமில்லை, மனதால் பேசவுமில்லை. பேசவும் மாட்டாள், ஏனென்றால் மகள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்! ஒளித்து வைத்ததே அவள்தான். காட்சியை வெட்டியது ஒரு பக்கம். கதையில் இல்லாத பொய்யை அந்தத் தாயின் வாயில் திணித்து, துப்பறிந்துகொண்டு வந்த நேயரைப் பிழையான வழியில் அனுப்பியிருக்கிறீர்கள். மர்மத் தொடரில் கதை சொல்பவர் மறைக்கலாம், திசை திருப்பலாம். பொய் சொல்லக்கூடாது. இந்தத் தொடரை எடுத்தவர்கள் அந்த ஒழுங்கைக் கடைசிவரை காத்திருக்கிறார்கள். அதை மீறியது நீங்கள்.

அடுத்த சனிக்கிழமை பத்தாம் பாகத்தில் அதிகாரி, "அந்தப் பீங்கான் ஈரமாக இருந்தது" என்கிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டோம்: "எந்தப் பீங்கான்?" ஞாயிற்றுக்கிழமை கல்முனையிலும் அதே கேள்வி. அன்றைக்குத்தான் காக்கா, "இனி இத நம்பி இருந்து பாக்கேலா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உங்கள் கணக்கில் குறைந்த நேயர்களில் அவரும் ஒருவர். ஏன் குறைந்தார் என்று உங்கள் கணக்கு சொல்லாது.

மச்சானின் மடிக்கணினியில் பார்த்த அன்று எங்களோடு பக்கத்து வளவு அக்காவும் இருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1990இல் அவருடைய மூத்த மகனைக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு இங்கே எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைச் செப்டெம்பர் 5ஆம் திகதி கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அக்காவின் மகன் போனது வேறிடத்தில், அதே ஆண்டில். டிவி பார்க்கிற பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை. பிள்ளை காணாமல் போன கதை என்று கேள்விப்பட்டுத்தான் இந்தத் தொடருக்கு வரத் தொடங்கினார்.

அந்த எட்டு நிமிடமும் அவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பீங்கான் ஷொட் இன்னும் வரவில்லை. திடீரென்று சொன்னார்: "இவ ஒருக்காவும் வாசலப் பாக்கல்லியே மனே."

மச்சான் காட்சியைப் பின்னால் இழுத்தான். திரும்பப் பார்த்தோம். உண்மைதான். நாய் குரைக்கிறது, தகப்பன் வாசலைப் பார்க்கிறான். காற்றுக்குக் கதவு அடிக்கிறது, கிழவி வாசலைப் பார்க்கிறாள். தாய் மட்டும் சோற்றைப் பார்த்தபடியே இருக்கிறாள். "காத்திருக்கிறவ வாசலப் பாப்பா. இவ காத்திருக்கல்ல" என்றார் அக்கா. அந்த நடிகை வசனமே இல்லாமல் எட்டு நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். கதையில் அதிகாரி பத்தாம் பாகத்தில் கண்டுபிடிப்பதை அக்கா ஒன்பதாம் பாகம் முடிவதற்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டார். உங்கள் ஒளிபரப்பில் அந்த வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. நாய், கதவு, வாசல் எல்லாம் வெட்டில் போய்விட்டது. பதிலுக்கு, மகளே நீ எங்கே என்று ஒரு போலிக் குரல். அந்தக் குரலைக் கேட்ட அன்று அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனதை நான் கண்டேன்.

உங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவரில் குறையில்லை. "வசனம் இல்லாம எட்டு நிமிசம் போட்டா ஆக்கள் மாத்திடுவாங்க சேர்" என்றார். அதோடு நின்றிருந்தாலும் இந்த மடல் வந்திராது. "கிழக்குப் பக்க ஆக்களுக்கு இப்பிடி மெதுவாப் போற கதை சரிவராது எண்டு எங்களுக்கு றிப்போட் இருக்கு" என்றும் சொன்னார்.

அந்த றிப்போட்டை எழுதியவர் மட்டக்களப்பில் ஒரு கூத்துக் களரியையாவது கண்டிருப்பாரா? வடமோடியானாலும் தென்மோடியானாலும் இரவு தொடங்கிய ஆட்டம் விடியும் வரை போகும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டுப் பாடி ஆடிக் களரியை வளைத்து வந்து நிற்பதற்கே நேரம் எடுக்கும். சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, மாதக்கணக்கில் பழகி அரங்கேற்றுவதை மண்ணில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் நித்திரையாக்கிவிட்டுக் காலைவரை பார்க்கிற சனம் இது. வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். கடலோட்டு காதை நீளம், வெட்டிவிட்டு நேரே கொலைக்களத்துக்குப் போவோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. கோவலன் சாவான், மதுரை எரியும் என்று அங்கே இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறோம். மர்மத் தொடர் அப்படியல்ல. அதன் முடிவு ஒருவருக்கு ஒரேயொரு தடவைதான் தெரியவரும். நீங்கள் கெடுத்த அந்த ஒரு தடவையை எந்த மறுஒளிபரப்பும் எங்களுக்குத் திருப்பித் தராது. அப்படியிருந்தும் மறுஒளிபரப்புக் கேட்கிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அமைதிக்கு ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பது இந்த நாட்டு ஒலிபரப்புக்குப் பழைய பாடமுமல்ல. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் அந்தப் பாடும் மீனின் ஒலியை, லாங் என்ற பாதிரியாரின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலி நாடு முழுவதற்கும் ஒலிபரப்பியது. மீனா, ஊரி என்கிற நத்தையினமா, யார் பாடுவது என்று இன்றுவரை முடிவாகவில்லை. மனக்குரலும் வயலினும் சேர்க்காமல் ஒரு வாவியின் முணுமுணுப்பைக் கேட்கச் சொன்ன காலம் அது. மர்மம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பொறுமை இல்லாத சனம் என்கிறீர்களே, 2022 ஜூனை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளாந்தம் மின்வெட்டு. 'சுழல்' என்ற தமிழ் மர்மத் தொடர் அந்த மாதம் 17ஆம் திகதிதான் வந்தது, எட்டுப் பாகம். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து, நிற்பதற்குள் ஒரு பாகம், திரும்ப வந்ததும் அடுத்த பாகம் என்று இங்கே பெடியன்கள் ஒரு வீட்டில் கூடிப் பார்த்தார்கள். கரண்ட் நின்ற நேரமெல்லாம் யார் செய்தது என்று இருட்டுக்குள் சண்டை. தொண்ணூறுகளில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' கிழமைக்கு ஒரு பாகமாக வந்தபோது தமிழ் வீடுகள் ஏழு நாள் காத்திருந்தன. அதை இன்றைக்கும் யூடியூப்பில் தேடிப் பார்க்கிறார்கள்.

வேற்று நாட்டிலிருந்தும் ஒரு சான்று. அமெரிக்காவில் டேவிட் லிஞ்சும் மார்க் ஃபுரோஸ்டும் 1990இல் தந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரில் ஒரு மாணவியைக் கொன்றது யார் என்ற கேள்விதான் உயிர். நிலையத்தார் அவசரப்பட்டார்கள், விடையைச் சொல் சொல் என்று நெருக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி சொல்லவைத்தார்கள். சனிக்கிழமை இரவுக்கும் மாற்றி வைத்தார்கள். நேயர்கள் கழன்றார்கள், அடுத்த ஜூனில் தொடரே நின்றது. இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு, 2017இல், அதே தொடர் வேறொரு நிலையத்தில் திரும்பி வந்தது. அதன் எட்டாம் பாகத்தில் நெடுநேரம் வசனமே கிடையாது, கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டே இருக்கிறது. அதை அப்படியே போட்டார்கள். இன்றைக்கு அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது அந்தப் பாகத்தைத்தான்.

அடுத்தது உங்கள் புரோமோ. பத்தாம் பாகம் முடிந்து பெயர்கள்கூட ஓடி முடியவில்லை, "அடுத்த வாரம்" என்று போட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறீர்கள், விலங்கு போட்ட ஒரு கையைக் காட்டுகிறீர்கள், அந்தக் கையில் யாருடைய மோதிரம் இருக்கிறது என்றும் தெரிகிறது. இங்கிலாந்தில் 2013இல் வந்த 'ப்ரோட்சர்ச்' தொடரில் கொலையாளி யார் என்று நடித்தவர்களிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். உங்கள் புரோமோ செய்யும் தம்பி முப்பது செக்கனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாமி அதற்குப் பிறகு புரோமோ வரும்போது டிவியை நிறுத்திவிடுகிறார். அப்போது உங்கள் விளம்பரமும் சேர்ந்துதான் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொழிமாற்றத்தில் தோணிக்காரனும் நீதவானும் ஒரே மாதிரி, ஏதோ செய்தி வாசிப்பதுபோல் பேசுவதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் தேவைப்படும். இப்போதைக்கு அதை விடுகிறேன்.

பதினொரு மணி விடயத்துக்கு வருகிறேன். எங்கள் கரையில் கரைவலைக்காரர் விடியப்புறத்தில் எழும்பிப் போகிறவர்கள். அடுப்பு மூட்டும் பெண்களுக்கும் நாலு மணிக்கு முன்னமே நாள் தொடங்கிவிடும். இரவு பதினொன்றுக்கு இங்கே விழித்திருப்பது நாயும் பொலிஸ் காவலரணும்தான். அந்த நேரத்தில் போட்டுவிட்டு, பார்த்தீர்களா கிழக்கில் ஆள் இல்லை என்று நாளைக்கு இன்னொரு றிப்போட் எழுதுவீர்கள். அதற்கு இடம் வைக்கக்கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது இவைதான்.

மீதமிருக்கும் ஆறு பாகங்களையும் ஆறாகவே போடுங்கள். எடுத்தவர்கள் எடுத்த நீளத்தில், சனிக்கிழமை எட்டரைக்கே. ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்காவிட்டால் ஒரு பாகத்தை இரண்டு கிழமைக்குப் பிரித்துப் போடுங்கள், காத்திருக்கிறோம். உள்ளே கத்தரிக்கோல் வைக்க வேண்டாம்.

ஒன்பதாம் பாகத்தை, பதினோராம் பாகத்துக்கு முன்னர், முழுதாக மறுஒளிபரப்புச் செய்யுங்கள். சேர்த்த வயலினையும் அந்த மனக்குரலையும் எடுத்துவிட்டு மூல ஒலியோடு தாருங்கள். எங்கள் வீட்டில் இனி அதற்குப் புதுமை இல்லை. ஆனால் கல்முனையிலும் தம்பிலுவிலிலும் வாழைச்சேனையிலும், கட்டாரில் மச்சான் இல்லாத வீடுகள் நிறைய உண்டு. அந்தப் பீங்கானைக் காணாமல் பதினோராம் பாகத்துக்குப் போகிறவர்களுக்குக் கதை விளங்காது. அவர்களும் கழன்றுபோவார்கள்.

விளம்பரத்தை இடைவேளையில் எவ்வளவும் போடுங்கள், புடவைக்கடைக்காரரும் பிழைக்க வேண்டும். பாகம் ஓடும்போது திரையின் மூலையை வளைத்துப் போடுவதை நிறுத்துங்கள். நினைவஞ்சலிகளையும் தயவுசெய்து வேறு நேரத்துக்கு மாற்றுங்கள், கொலைக் காட்சியின் கீழே தங்கள் தகப்பனின் பெயர் ஓடுவதை எந்தக் குடும்பம் விரும்பும்? அடுத்த வாரப் புரோமோவை அந்தப் பாகத்தை முழுதாகப் பார்த்த, கதை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

கடைசியாக அந்த றிப்போட். நேயர் கணக்கு எடுக்க மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எத்தனை வீடுகளைப் பார்க்கிறீர்கள், எந்த ஊர்களில், யாரிடம் கேட்டு "மெதுவான கதை சரிவராது" என்று எழுதினார்கள் என்பதை உங்கள் அலைவரிசையிலேயே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தக் காரணத்தை இனி எங்கள் பேரில் போடாதீர்கள்.

பதினோராம் பாகத்துக்கு இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுச் செய்திக்குப் பிறகு வாசிக்கும் நிகழ்ச்சி அறிவித்தலில் ஒன்பதாம் பாகத்தின் மறுஒளிபரப்பு நேரம் வரவேண்டும். பக்கத்து வளவு அக்காவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நேயர்,
செட்டிபாளையம், மட்டக்களப்பு.